நிற்கும் வண்டி, நிற்காத எஞ்சின்

பிரம்டனில் எங்கள் களஞ்சியத்துக்கு
இருபத்தாறு கதவுகள்.
ஏழிலிருந்து பன்னிரண்டு வரை என்னுடையவை.
லொறியின் இலக்கம், வந்த நேரம், போன நேரம்,
நின்றபடி எஞ்சின் ஓடிய நிமிடங்கள்.
கடைசிக் கட்டம் இந்தத் தை மாதம் புதிதாய் வந்தது.
மூன்று நிமிடத்துக்கு மேல் போனால்
சிவப்பில் எழுதவேண்டும்.
பேனையும் அவர்களே தந்தார்கள்,
மூங்கிலால் செய்தது,
ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில்.

அந்தக் கிழமையே ஓர் இரவு,
பூச்சியத்துக்குக் கீழே இருபத்துமூன்று.
ஒன்பதாம் கதவில் குர்தேஜ், வின்சரிலிருந்து.
முறை வர இன்னும் ஒன்றரை மணித்தியாலம்.
கண்ணாடியில் தட்டினேன்.
'எஞ்சினை நிற்பாட்டச் சொல்லியிருக்கிறார்கள்.'
என்னை ஒருதரம் பார்த்தான்,
என் இரண்டு ஜாக்கெட்டுகளையும் பார்த்தான்,
திறப்பைத் திருகினான்.
புகைக்குழாய் இருமி அடங்கியது.
ஐந்து நிமிடத்தில் கண்ணாடி உள்ளேயிருந்து வெளுத்தது.
பத்தாவது நிமிடம் திரும்பவும் உறுமல்.
எழுதினேன்: எண்பத்தொன்று. சிவப்பில்.
விடியும்போது என் தாள்
சின்னமுத்துப் போட்ட பிள்ளை மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை மெரெடித் வந்தாள்.
நல்லவள். பனியிலும் சைக்கிளில் வருகிறவள்.
திரையில் ஒரு வளைகோடு காட்டினாள்,
இவ்வளவு டீசல், இவ்வளவு கரிப்புகை,
குறையாவிட்டால் பெரிய கடைக்காரர்கள்
அடுத்த ஒப்பந்தத்தில் எங்களை விட்டுவிடுவார்கள்.
அவள் சொன்னது பொய்யில்லை.
போன நத்தாருக்கு மழை பெய்த ஊர் இது.
கை உயர்த்திக் கேட்டேன்:
'லொறிக்காரர் எங்கே இருந்து காத்திருப்பது?'
குறித்துக்கொண்டாள்.
அவளுடைய அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

சாரதிகள் உள்ளே வரக்கூடாது,
காப்புறுதிக் காரணம்.
கழிவறைக்கும் அப்படித்தான்,
வெளியே ஒரு நீலப்பெட்டி, உறைந்துகிடக்கும்.

பன்னிரண்டாம் கதவுக்குப் பின்னால் ஓர் அறை.
முன்னர் ஃபாக்ஸ் இயந்திரம் இருந்ததாம்.
இப்போது உடைந்த கதிரைகளும்
போன வருடத்துப் பூமி தினப் பதாகையும்.
திறப்பு என் கோர்வையில்தான் கிடந்தது.
திற என்று யாரும் சொல்லவில்லை.
திறக்காதே என்றும் சொல்லவில்லை.
வீட்டிலிருந்து பழைய கேத்தலைக் கொண்டுபோனேன்.

இரண்டாம் கிழமை ஆறுபேர்.
குர்தேஜ் இஞ்சி கொண்டுவந்தான்.
கியூபெக்கிலிருந்து வருகிற ரெஜான்
சப்பாத்தைக் கழற்றி
விறைத்த விரல்களை
எண்ணிப் பார்ப்பதுபோலத் தடவினார்.
காற்று வராமல் பதாகையை மடித்துக்
கதவிடுக்கில் செருகினோம்.
வெளியே ஆறு எஞ்சின்களும் அணைந்திருந்தன.
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்,
கறுப்பு மையில்.

அந்த அறையில்தான் மற்ற விஷயமும் தெரியவந்தது.
'நாலு மணித்தியாலம் ஓடி நான் இறக்குவது என்ன தெரியுமா?'
தேத்தண்ணியை ஊதினான் குர்தேஜ்.
'காற்று.'
ஓர் உதட்டுச்சாயம், அதற்கொரு பெட்டி,
அந்தப் பெட்டிக்கு இன்னொரு பெட்டி,
இடையில் ஊதிய பைகள்.
நாளைக்கே வேண்டும் என்று
யாரோ அழுத்திய பொத்தானுக்காக
நிரம்பும்வரை நில்லாமல் புறப்படும் வண்டி.
எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.
வெள்ளிக்கிழமை அழுத்தியது நான்தான்.
மகளுக்கு ஒரு முடிக்கிளிப்.

சித்திரையில் அறிக்கை வந்தது.
மினுங்கும் தாள், முன்னட்டையில் இலை,
இலையில் ஒரு துளி.
நாற்பத்தோராம் பக்கத்தில்:
நின்றபடி எஞ்சின் ஓடும் நேரம் அறுபது வீதம் குறைந்தது,
'ஊழியர் விழிப்புணர்வுப் பயிற்சியின் பயனாக'.
கேத்தலைப் பற்றி ஒரு சொல் இல்லை.
இருந்திருந்தால் அறையைப் பூட்டியிருப்பார்கள்,
ஆகவே சந்தோஷம்.

காற்றைப் பற்றியும் இல்லை.

நேற்று சிவப்புப் பேனையைத் தேடி எடுத்தேன்.
மை காய்ந்திருந்தது, உரசி உரசி வரவைத்தேன்.
தாளின் அடியில் குறிப்புகளுக்கென்று
ஒரு விரல் அகலத்தில் இடம் விட்டிருக்கிறார்களே,
அதற்குள் பொடி எழுத்தில்:
ஒன்பதாம் கதவு.
லொறி ஐம்பத்துமூன்று அடி.
சரக்கு பத்தொன்பது.
மிச்சம் முப்பத்துநாலும்
வின்சரிலிருந்து டீசல் குடித்தபடி வந்த காற்று.